ஐந்தாம் அத்தியாயம்: நாள் தவறாத வருகை

நீலகிரிக்குக் கோடையில் வந்து போகிறவர்கள் அறிந்த குளிர் ஒன்று. அந்த மலையிலேயே பிறந்தோ, பிழைப்பை நாடி வந்தோ முதுமை எய்தியவர்கள் ஐப்பசி தொடங்கி மாசி முடியும் வரை சுமக்கிற குளிர் மற்றொன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், முதலில் வடகிழக்குப் பருவமழை வந்து சுவரையும் கூரையையும் அடுக்கி வைத்த விறகையும் நனைத்துவிட்டுப் போகிறது. அது ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு உறைபனி இறங்குகிறது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு விட்டுவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளின் வழியே வழிந்து பள்ளங்களில் தேங்கி நிற்பதால், தலைகுந்தா, காந்தல் முதலிய தாழ்ந்த இடங்களில் விடியற்காலைப் புல்வெளி உப்புப் பூத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெளியூரார் அதைப் படம் பிடிக்க விரைகிற அதே நாழிகையில், சற்றுத் தள்ளியிருக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் ஒரு லைன் வீட்டில், எழுந்து அடுப்பு மூட்டுவதற்கும் மனமில்லாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற ஒரு முதியவரை எவரும் நினைப்பதில்லை.

அவரை நினைப்பதற்கும், நினைத்ததைக் கிரமமாகச் செய்வதற்கும் ஊரார்க்கு உதவும் பொருட்டே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. மகளிர் சுயஉதவிக் குழுவினர், கோயில் கமிட்டியார், திருச்சபை வாலிபர்கள், குடியிருப்போர் சங்கத்தார் ஆகிய யாவரும் இதைப் பின்பற்றலாம். அதிகப் பணம் வேண்டியதில்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்கழியில் ஒரு நாள் பானர் கட்டிக் கம்பளி வழங்குவது நல்ல காரியமே என்றாலும், தனித்திருக்கும் முதியவரின் பிரதான குறை கம்பளியன்று. டிரங்குப் பெட்டியில் மூன்று புதுக் கம்பளிகள் மடித்தபடி இருக்க, ஞாயிற்றுக்கிழமைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையே ஒரு மனித முகத்தைக்கூடக் காணாத மூதாட்டிகள் இந்த மலையில் உண்டு. குறித்த நாளில், குறித்த வேளையில், தெரிந்த ஒருவர் தவறாமல் வந்து கதவைத் தட்டுவது ஒன்றே அந்தக் குறையைத் தீர்க்கும். இனி வருகிற ஆலோசனைகள் அனைத்தும் அந்த வருகையைச் சார்ந்தவையே.

யாரைத் தேடுவது

தனிமையிலிருப்பவர்கள் தாமாக வந்து சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் புரட்டாசி மாதத்திலேயே, மழை வலுப்பதற்கு முன், பட்டியல் தயாராகிவிட வேண்டும். பால்காரர், தபால்காரர், ரேஷன் கடை விற்பனையாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகிய ஐவரையும் விசாரித்தால் ஒரு வட்டாரத்தின் முதியோர் நிலை பெரும்பாலும் விளங்கிவிடும். எந்த வீட்டில் பால் பாக்கெட் பாதியாகக் குறைந்தது, எவர் இரண்டு மாதமாக அரிசி வாங்க வரவில்லை என்பன போன்ற செய்திகள் அவர்களுக்கே முதலில் தெரியும்.

நால்வகையினரைப் பிரத்தியேகமாகக் கருத வேண்டும். முதல் வகையினர், தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. அப்போது இளைஞராக வந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை தேடிப் போயிருக்க, சொந்தக் கிராமம் என்று சொல்லிக்கொள்ளச் சமவெளியிலும் ஓர் இடம் இல்லாத நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினர், ஹட்டி எனப்படும் தம் ஊர்களில் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் படகர் இன முதியோர். சுற்றத்தார் பலர் உண்டெனினும், நகரத்துக்குப் போன பிள்ளைகள் திருவிழாவுக்கே வருவதால், வாரநாட்களில் அவர்களும் தனியரே. மூன்றாம் வகையினர், சீதோஷ்ணத்தை விரும்பி ஓய்வுக்காலத்தில் இங்கே வீடு கட்டி வந்தவர்கள். கையில் பணமிருப்பதால் இவர்களை எவரும் ஏழையென்று எண்ணுவதில்லை. ஆனால் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னே, அயல்வீட்டார் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறவர் தவறி விழுந்தால், லைனில் இருப்பவரைக் காட்டிலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவார். நான்காம் வகையினர், படுக்கையில் கிடக்கும் துணைவரைப் பராமரிக்கும் முதியவர்கள். வீட்டில் இருவர் இருப்பதாலேயே இவர்களுடைய தனிமை கணக்கில் வராமல் போகிறது.

பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒருவர் பொறுப்பில் வைக்கவும். பெயர், வீட்டு அடையாளம், சரளமாகப் பேசும் மொழி, உட்கொள்ளும் மருந்து, ஆபத்தில் அழைக்க வேண்டிய உறவினரின் எண், மாற்றுச் சாவி இருக்குமிடம் ஆகியவை போதும். இந்த நோட்டு ஊர்ப் பொதுவில் வாசிக்கப்படலாகாது. எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், சாவி எங்கே இருக்கிறது என்ற செய்தி தகாதவர் கையில் சேர்வது நாமே திருடனுக்கு வழிகாட்டியதாக முடியும்.

வருகையின் கிரமம்

ஒரு தொண்டருக்கு மூன்று அல்லது நான்கு வீடுகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. ஆர்வத்தில் பத்து வீடுகளை ஏற்றுக்கொள்கிறவர் கார்த்திகையில் எல்லா வீட்டுக்கும் போய், மார்கழியில் பாதி வீட்டுக்குப் போய், தை பிறந்ததும் நின்றுவிடுவார்; வருவதாகச் சொல்லி வராமலிருப்பது, தொடக்கத்திலிருந்தே வராமலிருப்பதைவிட முதியவரின் மனத்தை அதிகமாகப் புண்படுத்தும். வாரத்தில் இரண்டு நாள், உதாரணமாகச் செவ்வாயும் வெள்ளியும், முற்பகல் பத்து மணிக்கு என்று நிர்ணயித்துக்கொண்டு, தாம் வரமுடியாத நாளில் வருவதற்கு மற்றொருவரையும் முன்னமே அறிமுகப்படுத்திவிட வேண்டும். படகர் மொழி பேசும் மூதாட்டியிடம் அது தெரிந்தவரும், மலையாளமோ கன்னடமோ பேசுகிறவரிடம் அம்மொழி அறிந்தவரும் செல்வது விசேஷம். வயது ஏற ஏறப் பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழியே நாவில் நிற்கும் முதியோர் உண்டு.

வாரத்தில் இருமுறை போதுமா என்ற கேள்வி எழும். போதாது, ஆகவே இடைப்பட்ட நாட்களுக்கு ஓர் அடையாளத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இரவில் எரியும் வாசல் விளக்கைக் காலை எட்டு மணிக்குள் அணைத்துவிடுவது, அல்லது தெருவை நோக்கிய ஜன்னலின் திரையை விலக்குவது என்று முதியவரோடு பேசி வைத்துக்கொண்டால், அவ்வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளையோ, கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணோ நடந்தபடியே பார்த்துக்கொள்வார்கள். எட்டு மணிக்கு மேலும் விளக்கு எரிந்தால் கதவைத் தட்டுவது. திறக்காவிட்டால் சாவி வைத்திருப்பவரை அழைப்பது. இவ்விரண்டில் எதற்கும் வெட்கமோ தயக்கமோ கூடாது. பத்து முறை வீணாகத் தட்டியிருந்தாலும் பதினோராம் முறையும் தட்ட வேண்டும்.

பண விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை அவசியம். ஏ.டி.எம். அட்டை, அதன் ரகசிய எண், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைத் தொண்டர் எவரும் கையாளலாகாது. மருந்தோ மளிகையோ வாங்கித் தர நேர்ந்தால், சீட்டுடன் மீதியை எண்ணிக் கொடுத்து அதே நோட்டில் குறித்துவிடுவது இருவருக்கும் க்ஷேமம்.

உள்ளே சென்றால் பார்க்க வேண்டியவை

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், மூன்று வேளை பட்டினி கிடந்தவரும் "ஆச்சு, ஆச்சு" என்றே சொல்லுவார், நம் நாட்டு மரியாதை அப்படிப்பட்டது. "பாட்டி, நேத்து ராத்திரி என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ரசம் வெச்சேன், அப்பளம் சுட்டேன்" என்று விவரம் வந்தால் சரி, "என்னத்தச் செய்ய, ஒண்டிக் கட்டைக்கு ஒரு டீத்தண்ணி போதாதா?" என்று வந்தால் அன்று அங்கேயே உட்கார்ந்து ஒரு கஞ்சியாவது காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவதே முறை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சில இடங்களுக்குப் போய்வர வேண்டும். முற்பகல் பத்து மணிக்கும் அடுப்பு சில்லென்றிருக்கிறதா, வாசலில் நேற்றைய பால் பாக்கெட் கிடக்கிறதா, மாத்திரை அட்டையில் நாளுக்குத் தக்க இடங்கள் காலியாகியிருக்கின்றனவா, படுக்கை ஈரமாக இருக்கிறதா, பேச்சில் வழக்கமில்லாத குழறல் தென்படுகிறதா என்பவை ஐந்தும் ஐந்து சாட்சிகள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருப்பதால், இரவில் பனியில் எழுந்து போக அஞ்சி, மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு வாய் நீரும் அருந்தாமலிருக்கும் வழக்கம் இம்மலைவாழ் முதியோரிடம் பரவலாக உண்டு. அதன் விளைவாக மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் நேரிட, அம்மயக்கத்தில் எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. இரவில் உபயோகிக்க மூடியுள்ள ஒரு வாளியை அறைக்குள்ளேயே வைத்து, கட்டிலருகே ஒரு டார்ச் விளக்கைத் தொங்கவிட்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்தால் இந்தத் துன்பச் சங்கிலியின் முதற் கண்ணியே அறுந்துவிடும்.

வீடும் கணப்பும்

உலக சுகாதார நிறுவனம் குளிர்ப் பிரதேச வீடுகளின் உள்வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருப்பது நலமென்று 2018இல் கூறியது. தகரமோ சிமென்ட் அட்டையோ வேய்ந்த லைன் வீட்டில் அந்த அளவை இரவு முழுவதும் காப்பது பெரும்பாலும் ஆகாத காரியம். ஆகவே வீடு முழுவதையும் சூடாக்க முயலாமல், ஓர் அறையையும் ஒரு படுக்கையையும் காப்பதே விவேகம். சிமென்ட் தரையிலிருந்து ஏறும் குளிரே முதுகைத் தாக்குவதால், மேலே மூன்றாவது கம்பளியைப் போர்த்துவதற்குப் பதில் அதைக் கீழே விரித்து, அதற்கும் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த இரண்டு மெல்லிய ஆடைகள் வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். குல்லாவும் காலுறையும் இரவிலும் இருக்கட்டும். ஆனால் வழவழப்பான தரையில் காலுறையோடு மட்டும் நடக்கவிடலாகாது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றியே கொடுக்க வேண்டும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடுவதுண்டு. குளியலை விடியற்காலையிலிருந்து உச்சிவெயில் வேளைக்கு மாற்றிக்கொள்ளும்படி பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

இவ்வத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இனி வரும் சில வரிகளைப் படிக்கட்டும். அடுப்புக் கரியைச் சட்டியில் அள்ளிக் கட்டிலடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன துயரம் மலைப்பிரதேசங்களில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. விறகு எரியும்போது புகை கண்ணைக் கரிப்பதால் மனிதன் ஜன்னலைத் திறக்கிறான். கனிந்த கரியிலோ புகை தெரிவதில்லை, ஆகவே அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணி அடைத்துக்கொள்கிறான். அந்தக் கரியிலிருந்துதான் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அது ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்வதால், தலைவலி, குமட்டல், அயர்வு என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கணப்புச் சட்டி வேண்டாமென்று வெறுமனே தடுத்தால் முதியவர் நம் முதுகுக்குப் பின்னே மூட்டிக்கொள்வார். மாலையில் கதவும் ஜன்னலும் திறந்திருக்கையில் குளிர் காய்ந்துகொண்டு, படுக்கப் போகுமுன் சட்டியை வெளியே வைத்துவிடுவது என்ற உடன்பாட்டுக்கு அவரைக் கொண்டுவந்து, அதற்கீடாக வெந்நீர்ப் பையைக் கையில் கொடுப்பதே பலிக்கும் உபாயம்.

ஆபத்தின் அறிகுறிகள்

முதிய தேகம் குளிரைத் தாமதமாகவே உணர்கிறது. "எனக்கொண்ணும் குளிரலையே" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது அவருடைய க்ஷேமத்துக்கு அத்தாட்சியாகாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. போர்வைக்குள் இருக்கும் வயிற்றைத் தொட்டால் சில்லென்றிருப்பது, நாக் குழறுவது, அறிவு தடுமாறுவது, தூக்கம் அழுத்துவது ஆகியவை அதன் குறிகள். நடுக்கம் நின்றுபோவதைக் குணமென்று எண்ணிவிடக் கூடாது, பல சமயம் அது நிலைமை முற்றியதன் அடையாளம். அப்போது செய்ய வேண்டியவை இவை:

1. உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து, மலைப்பாதையில் வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லி, அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்துக.

2. ஈர ஆடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையும் மார்பும் வயிறும் மூடும்படி போர்த்துக.

3. நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுக்கவும்.

4. கைகால்களைப் பரபரவென்று தேய்ப்பதும், வெந்நீரில் குளிப்பாட்டுவதும், பிராந்தி புகட்டுவதும் ஆகா; இவை குளிர்ந்த இரத்தத்தை இருதயத்துக்கு விரட்டியும், இருக்கும் வெப்பத்தை வெளியேற்றியும் கேட்டையே விளைவிக்கும்.

குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுவதால் மாரடைப்பும் பக்கவாதமும் இக்காலத்தில் மிகும். நெஞ்சு இறுக்கம், முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தொங்குதல் ஆகியவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். குளிர் தொடங்குமுன்பே இன்ஃப்ளூயன்ஸா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வைப்பதும் நல்லது. மழைக்காலத்திலோ மற்றொரு முன்யோசனை வேண்டும். 2009 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுகள் காட்டியதுபோல, ஒரே இரவில் பாதைகள் அறுபட்டுவிடக்கூடும். ஆகையால் ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு முதியவரிடமும் இரண்டு வார மருந்தும், அரிசி பருப்பும், உலர்ந்த விறகும் சேமிப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்டுப் பெறத்தக்கவை

உரிமையாகக் கிடைக்கக்கூடியதை நன்கொடையாகத் தேடி அலைவது தொண்டரின் காலத்தையும் முதியவரின் மானத்தையும் வீணாக்கும். முதியோர் உதவித்தொகை தமிழகத்தில் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் பெறாதவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது தொண்டரின் முதற் கடமை. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து கொணரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதலும், முதியவர்க்கு ரேஷன் பொருளை வாசலில் சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 முதலும் நடைபெறுகின்றன. தோட்டத்தில் உழைத்தவர்களின் வைப்புநிதி ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் வேண்டப்படும் வாழ்நாள் சான்றிதழைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்காக ஒரு மூதாட்டியைப் பனியில் பஸ் ஏற்றி அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. முதியோர்க்கான 14567 என்ற கட்டணமில்லாத எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை ஆலோசனை கூறும். பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் முறையிடவும் வழியுண்டு. எனினும் வழக்கென்ற சொல்லைத் தொண்டர் தாமாக எடுக்காமல், முதியவர் கேட்டால் மட்டும் விளக்குவது பொருத்தம்.

பிள்ளைகள் வரும் நாட்கள்

படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவும், கிறிஸ்துமஸும், பொங்கலும் இந்தக் குளிர்நாட்களை ஒட்டியே வருவதால், வெளியூரிலுள்ள மக்கள் ஊர் திரும்பும் சந்தர்ப்பம் அது. குற்றம் சாட்டும் குரலில் பேசினால் பிள்ளைகள் விலகிப் போவார்கள். "தம்பி, அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை தீரப்போகுது, நீங்க வாராவாரம் எந்த நாள் போன் பண்ணுவீங்கன்னு சொன்னா அவரும் காத்திருப்பார்" என்று காரியத்தைக் காட்டிப் பேசினால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வர். ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றுவது, மாற்றுச் சாவி செய்வது, அழைக்க வேண்டிய எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுவது முதலியவற்றை அந்த இரண்டு மூன்று நாட்களில் அவர்களைக் கொண்டே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

முதியவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறு. கேரட்டுக்கு எந்தப் பக்குவத்தில் மண் அணைப்பது, எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும் என்பதெல்லாம் அறிந்தவரை வெறும் பயனாளி என்று கருதுவது அவரைக் கூனச் செய்யும். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல, ஸ்வெட்டர் பின்னக் கற்றுக் கொடுக்க, மாலைப் பள்ளிக்குத் தம் திண்ணையைத் தர அவரிடம் கேளுங்கள். தம்மால் ஒரு பிரயோஜனம் உண்டென்று காண்கிறவர்க்குக் காலையில் எழுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது.

எப்போது நிறுத்துவது

பொங்கல் கழிந்ததும் குளிர் போயிற்றென்று தொண்டர்கள் தளர்ந்துவிடுவது வழக்கம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழி சமவெளியில் பிறந்ததாயினும், மலையில் அது இன்னும் அதிகமாக உண்மை. எனவே வருகை மாசி முடியும் வரை குறையாமல் நடக்கட்டும். பங்குனியில் எல்லாத் தொண்டரும் கூடி நோட்டைத் திறந்து, எந்தெந்த நாள் வருகை தவறிற்று, ஏன் தவறிற்று, எந்த வீட்டில் அறிகுறியைக் கண்டும் தாமதித்தோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு வருகையை ஒன்றாகக் குறைக்கலாம்; ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக் கூடாது. கோடையிலும் பழகிய முகமாக வந்து போகிறவருக்கே, அடுத்த ஐப்பசியில் சாவியை நம்பிக் கொடுப்பார்கள்.